சட்டையும் சாட்சியும்

யூசுப் (அலை) அவர்களின் வரலாற்றில் சட்டை இருமுறை சான்றாக வருகிறது. முதலில், சகோதரர்கள் அதில் பொய் இரத்தம் பூசித் தந்தையிடம் கொண்டு வந்தனர். யஃகூப் (அலை) அவர்கள் அதனை நம்பவில்லை. பின்னர் எகிப்தில், சட்டை பின்புறம் கிழிந்திருந்ததே யூசுப் (அலை) அவர்களின் தூய்மைக்குச் சான்றாயிற்று. சான்றுப் பொருள் தானே பேசுவதில்லை. கொண்டு வந்தவர் யார், எந்நிலையில் கிடைத்தது என்னும் வினாக்களே அதனைப் பேச வைக்கின்றன. உண்மையை வெளிப்படுத்தும் எதுவும் சான்றே என்றார் ஹிஜ்ரி 751இல் மறைந்த இமாம் இப்னுல் கய்யிம் (ரஹ்). ஆயினும் சூழ்நிலைச் சான்றை மட்டும் கொண்டு உயிர்த் தண்டனை விதிக்கப் பெரும்பான்மை ஃபிக்ஹ் அறிஞர்கள் தயங்கினர். இவ்விரு நிலைகளையும் மனத்திற்கொண்டு, நம் நாட்டுக் கொலை வழக்குகளில் நிழற்படமும் காணொளியும் பெற்ற இடத்தை நோக்குவோம்.

1991 மே 21இல் திருப்பெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபோது, படமெடுத்த ஹரிபாபுவும் மாண்டார். அவருடைய கேமரா எஞ்சியது. அதிலிருந்த பத்துப் படங்களில், மாலையுடன் காத்திருந்த பெண்ணின் உருவமும் பதிவாகியிருந்தது. 'நானே எடுத்தேன்' எனச் சொல்ல ஆளில்லாத படங்கள் அவை. எனினும் படத்தில் இருந்தவர்களை அடையாளம் காட்டிய பிற சாட்சிகளோடு இணைந்து அவை வழக்கின் முக்கியச் சான்றுகளாயின.

2015இல் நிகழ்ந்த கோகுல்ராஜ் கொலை வழக்கில் நிலைமை வேறு. அவ்வாண்டு ஜூன் 23இல் திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலின் கண்காணிப்புக் கேமராக்கள் அவ்விளைஞரைப் பதிவு செய்திருந்தன. மறுநாள் அவர் உடல் இரயில் பாதையில் கிடந்தது. உடனிருந்த பெண்ணோ பிறழ்சாட்சியானார்; 2022இல் உயர் நீதிமன்றம் காணொளியைக் காட்டிக் கேட்டபோதும், அதில் இருப்பது தாம் அல்லர் என்றார். மனித நா மறுத்ததைக் காணொளி சொன்னது. நீதிபதிகள் கோயிலுக்கே சென்று இடத்தைப் பார்வையிட்டனர். 2023 ஜூன் 2இல் யுவராஜின் ஆயுள் தண்டனையை உறுதி செய்தனர்.

காணொளியை நம்புவதற்கும் நெறியுண்டு. மின்னணுப் பதிவின் நகலுக்குச் சான்றிதழ் கட்டாயம் என 2014இல் அன்வர் வழக்கில் உச்ச நீதிமன்றம் விதித்தது; 2020இல் அதனை மீண்டும் உறுதி செய்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவு, கருவிக்குப் பொறுப்பானவர், வல்லுநர் ஆகிய இருவரின் சான்றிதழையும் கோருகிறது. ஹதீஸ் கலையை அறிந்த நமக்கு இது புதிதன்று. செய்தி எத்துணை அழகியதாயினும், அறிவிப்பாளர் தொடர் அறுந்திருந்தால் நம் முஹத்திஸுகள் அதனைப் பலவீனமானதென்றே தள்ளினர்.

இன்று பெசன்ட் நகர் கடற்கரையில் மாலையில் உலவுவோர் கைதோறும் ஒளிப்பதிவுக் கருவி இருக்கிறது; நிகழாததை நிகழ்ந்ததாகக் காட்டும் செயலிகளும் அதே கைகளில் உள்ளன. இரத்தம் தோய்ந்த சட்டையை யார் வேண்டுமானாலும் கொண்டு வரலாம். கொலையுண்டவர் பேச இயலாதவர். அவர் உருவத்தைக் கொண்டு நீதி கேட்போர், அது தங்கள் கைக்கு எவ்வாறு வந்தது என்பதையும் சொல்லக் கடமைப்பட்டவர்கள். அவ்விசாரணையில் தளர்ந்தால் கொல்லப்பட்டவருக்கும் குற்றம் சுமத்தப்பட்டவருக்கும் ஒருசேர அநீதி இழைத்தவர்கள் ஆவோம்.