இப்பன்கட்டுவைக் கல்லறைகள்

இறந்தாரைப் போற்றுதல் மனித நாகரிகத்தின் தொன்மையான குறிகளுள் ஒன்றாகும். தாம் வாழும் வீட்டை மண்ணாலும் மரத்தாலும் அமைத்துக்கொண்ட பழைய மக்கள், இறந்தார்க்குரிய வீட்டினைக் கல்லால் அமைத்தனர். அதனால் அவர்தம் வீடுகள் மறைந்தன, கல்லறைகள் எஞ்சின. உலக சரித்திரத்தின் முற்பக்கங்கள் பலவற்றை நாம் இடுகாடுகளிலிருந்தே படிக்க வேண்டியவர்களாயிருக்கின்றோம்.

கல்லறை என்றவுடன் நம் மாணவர் நினைவுக்கு வருவது எகிப்து தேசமே. அங்கே நைல் நதியின் கீழ்க்கரையில், பெனி ஹசன் என்னும் சிற்றூரின் அருகே, சுண்ணாம்புக் கற்குன்றைக் குடைந்து செய்த 39 பெருங் கல்லறைகள் வரிசையாக உள்ளன. ஏறத்தாழ 4000 ஆண்டுகளுக்கு முன் அம்மாநிலத்தில் அதிகாரஞ் செலுத்திய தலைவர்கள் ஆங்கு அடக்கம் பெற்றனர். அக்குடைவுகளின் சுவர்களில் மற்போர் புரிவோர், நெய்வோர், வேட்டையாடுவோர் முதலியோரின் வண்ண ஓவியங்களைக் காணலாம். இரண்டாம் குனும்ஹோத்தெப் என்பானது கல்லறையில், ஆசியாவிலிருந்து வந்த ஒரு கூட்டத்தினரின் ஓவியம் தீட்டப்பட்டுள்ளது. அவர்கள் 37 பேர் என்பதும், அவர்கள் வந்தது இரண்டாம் செனுஸ்ரெத் மன்னனின் 6 ஆம் ஆட்சியாண்டு என்பதும் எழுத்தில் உள்ளன. உடலும் பெயரும் அழியாது நிலைத்தாலன்றி மறுமை வாழ்வு இல்லையென எகிப்தியர் நம்பினர். ஆதலின் பெயரைக் கல்லில் ஆழப் பொறித்தனர்.

இத்தகைய பழைய ஈமக்காடொன்றைக் காண நாம் நைல் நதிக்குச் செல்ல வேண்டுவதில்லை. கண்டி நகரிலிருந்து சுமார் 75 கிலோமீற்றர் தொலைவில், தம்புள்ளைக்கு அண்மையில், இப்பன்கட்டுவை என்னும் கிராமத்தில் அத்தகைய ஓரிடம் உளது. எகிப்தியக் கல்லறைகள் போல அவை மலையிற் குடைந்தன அல்ல; கற்பலகைகளை நிலத்துள் நிறுத்தி அமைத்தவை. ஓவியம் அங்கில்லை. பெயர் ஒன்றேனும் அங்கில்லை. அப்பெயரின்மை நமக்கு உணர்த்துவது யாது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

கண்டியிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் அவ்வழியே ஒரு சரித்திரப் பாடமாகும். மாத்தளையைக் கடந்தவுடன் அலுவிகாரை வருகிறது. வாய்மொழியாக வழங்கிய பாளித் திரிபிடகம் கி.மு. முதலாம் நூற்றாண்டில் ஏட்டில் எழுதப்பட்ட இடம் அதுவென மரபு கூறும். அதற்கப்பால் நாலந்தா கெடிகே உள்ளது. பல்லவர் கோயிற்கலையின் சாயலும் பௌத்த வழிபாட்டு மரபும் ஒன்றிய கற்கட்டடம் அது. போவத்தென்ன நீர்த்தேக்கத்தின் பொருட்டு அதனைக் கல் கல்லாகப் பெயர்த்து, மேட்டு நிலத்தில் மீண்டும் கட்டியுள்ளனர். அவ்விரண்டையும் கண்டு மேற்செல்வோர் தம்புளு ஓயாவின் பக்கத்தே இப்பன்கட்டுவையை அடையும்போது, எழுத்து வழங்கிய காலத்தையும் கடந்து பின்னோக்கிச் சென்றவராவர்.

இவ்வீமக்காடு 1970 ஆம் ஆண்டில் தொல்பொருட் டிணைக்களத்தாரால் அறியப்பட்டது. 1980களில் இலங்கை அறிஞரும் ஜெர்மானிய அறிஞரும் கூடி இங்கு அகழாய்வு நிகழ்த்தினர். பொதுமக்கள் பார்வையிடுவதற்கு 2017 ஆம் ஆண்டில் இது திறக்கப்பட்டது. கல்லறைகள் தனித்தனியே சிதறிக் கிடவாமல், தொகுதி தொகுதியாக அமைந்துள்ளன. அத்தொகுதிகள் சுமார் 42 என்பர். கரிமக் காலக் கணிப்பின்படி இவை ஏறத்தாழ கி.மு. 700 முதல் கி.மு. 400 வரையுள்ள காலத்தைச் சார்ந்தவை.

அமைப்பு முறை எளியது. குழி தோண்டி, நான்கு பக்கத்தும் கற்பலகைகளைச் செங்குத்தாக நிறுத்தினர். மேலே மற்றொரு பெரும் பலகையை மூடியாக வைத்தனர். உள்ளே தாழிகளும் சிறு கலங்களும் இருந்தன. இறந்தோர் உடலை முழுமையாக வைக்கும் வழக்கத்தைவிட, எரித்தபின் எஞ்சிய எலும்பையும் சாம்பலையும் சேகரித்து வைக்கும் வழக்கமே இங்குப் பெரிதும் காணப்படுகின்றது. உடன் வைத்த பொருள்களுள் இரும்பினாலும் செம்பினாலும் ஆன கருவிகளும் அணிகளும் மணிமாலைகளும் உள. மணிகளுட் சில சூதுபவளத்தாலானவை. அக்கல் இந்தியாவிலிருந்து வந்ததாகும். கடல் கடந்து வந்த ஒரு மணி, கரையினின்றும் நெடுந்தூரம் உள்நாட்டிலுள்ள தம்புள்ளைக்கு வந்து சேர வேண்டுமாயின், அதனைக் கொண்டு வருவோரும், அதற்கு மாறாகக் கொடுக்கும் விளைபொருளும், வந்து போகும் வழியும் இருந்திருத்தல் வேண்டும். மேலும், பெரும் பலகையொன்றைப் பெயர்த்துக் கொணர்ந்து நிறுத்துதல் ஒருவராற் கூடுவதன்று. இறந்தவர் ஒருவர்க்காகப் பலர் கூடி உழைத்தனர். ஆகவே ஒழுங்குபட்ட ஒரு சமுதாயம் அங்கு வாழ்ந்தது என்பதற்கு அக்கற்களே சான்று.

இம்முறை இப்பன்கட்டுவைக்கு மட்டும் உரியதன்று. தென்னிந்தியா எங்கணும் பரவியிருந்த பெருங்கற் பண்பாட்டின் ஒரு கிளையே இது. திருநெல்வேலிச் சீமையில் தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில், 1876 ஆம் ஆண்டில் ஜாகர் என்ற ஜெர்மானியரும், அதன்பின் அலெக்சாந்தர் ரீ என்பவரும் அகழ்ந்து எண்ணற்ற தாழிகளை வெளிப்படுத்தினர். அதற்கு எதிர்க்கரை போன்று அமைந்த நமது புத்தளப் பகுதியிலுள்ள பொம்பரிப்பிலும் தாழிக்காடு ஒன்று உண்டு. கேரளத்தில் குன்னங்குளத்திற்கு அண்மையிலுள்ள சொவ்வன்னூர் முதலிய இடங்களில், செம்பூறாங்கல்லைக் குடைந்து வாயிலும் திண்ணையும் உடைய நிலவறைகளாகவே ஈம இல்லங்களை அமைத்தனர். எகிப்தியக் குடைவறைகளுக்கு உருவத்தால் நம் பக்கத்தில் நெருங்கி நிற்பவை அவையே. எனினும் எகிப்தோடு அவற்றுக்குத் தொடர்பு கற்பித்தல் பொருந்தாது. மண்ணின் இயல்பும் கல்லின் இயல்பும் ஒத்தவிடத்து மக்கள் ஒத்த வேலையைச் செய்தல் இயல்பே.

பழந்தமிழ் இலக்கியமும் இவ்வழக்கங்களை அறியும். கிள்ளிவளவன் இறந்தபோது, அவனது பெருமைக்கேற்ற தாழியை எவ்வாறு வனைவாய் எனக் குயவனை நோக்கி வினவும் பாடல் புறநானூற்றில் உள்ளது. மணிமேகலையிலே சக்கரவாளக் கோட்டத்தைக் கூறும் காதை, எரித்தலும் புதைத்தலும் தாழியிலிடுதலும் உள்ளிட்ட ஐவகை வழக்கங்களும் ஒரே ஈமக்காட்டில் நிகழ்ந்ததாகக் கூறுகின்றது. பலவகையார் ஓரிடத்தே அடங்கினர் என்பதை அதனால் உணர்கின்றோம்.

மாணவர் சிலருடன் யான் இப்பன்கட்டுவைக்குச் சென்றிருந்தபோது, அவருள் ஒருவன், “இக்கல்லறைகள் சிங்களவருடையனவா, தமிழருடையனவா?” என்று வினவினான். அவ்வினா சிறுவனொருவனின் வினா மட்டுமன்று. பெரியோர் பலரும் மேடைகளில் விடை கூறிவிட்ட வினா. தமக்கு வேண்டிய விடையை முன்னரே வைத்துக்கொண்டு கல்லைப் பார்ப்போர்க்குக் கல் அவ்விடையையே கூறும். ஆராய்வோர்க்கு அது தகாது.

கல்லறையின் வடிவத்தினின்றும் பண்பாட்டை அறியலாம். மொழியை அறிதல் இயலாது. எரிந்த எலும்பு எம்மொழி பேசியதெனக் கூறவல்லார் இலர். பெருங்கற்காலக் கலங்களிற் காணப்படும் கீறற் குறிகள் எழுத்தென இன்னும் ஐயமற வாசிக்கப்பட்டில. இலங்கையில் பிராமி எழுத்துச் சாசனங்கள் பெருக வழங்கியது கி.மு. மூன்றாம் நூற்றாண்டின் பின்னரே. யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையில் 1980 ஆம் ஆண்டில் ஒரு பெருங்கற்கால ஈமக்குழியிற் கிடைத்த முத்திரை, மேல் வரியில் குறிகளையும் கீழ் வரியில் பிராமி எழுத்துக்களையும் உடையது. அத்தகைய பொருள் கிடைத்தவிடத்து நாம் பேசலாம். கிடையாதவிடத்து வாய் வாளாதிருத்தலே முறை.

விஜயன் வருகையைக் கி.மு. 543 எனக் கொள்ளும் மரபு மகாவம்சத்தை அடியாகக் கொண்டது. அந்நூலோ அதற்குச் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் எழுந்தது. அநுராதபுரக் கோட்டைப் பகுதியில் சிரான் தெரணியகல முதலியோர் நிகழ்த்திய அகழாய்வுகள், இரும்பும் நெல்லும் குதிரையும் அறிந்த குடியிருப்பு அங்கே கி.மு. 900 அளவிலேயே இருந்ததைக் காட்டின. ஆகவே ஏட்டிலுள்ள தொடக்கத்துக்கும் முற்பட்டது மண்ணிலுள்ள தொடக்கம். பேராசிரியர் கா. இந்திரபாலா 2005 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆங்கில நூலில், சிங்களவர், தமிழர் என்னும் இரு இனத்தாரும் இத்தீவின் பழங்குடிகளையும் பெருங்கற்கால மக்களையும் பொது முன்னோராக உடையவர் என்று வாதித்துள்ளார். இப்பன்கட்டுவையில் அடங்கியோர் நம்முள் எவர்க்கும் தனியுடைமை அல்லர் என்பதே அதனாற் பெறப்படுவது.

நம் இல்லங்களில் இன்றும் உடலை எரித்தபின் எலும்பையும் சாம்பலையும் எடுத்துக் கலசத்திலிட்டு நீரிற் கரைக்கின்றோம். இதனை நேரே இப்பன்கட்டுவை வழக்கத்தின் தொடர்ச்சி எனத் துணிதல் கூடாது. ஆயினும் எரிந்தது எரியட்டும் என விடாமல், எஞ்சியதைக் கையால் எடுத்துப் பேணிய அந்நெஞ்சம் நமக்கு அந்நியமானதன்று. மொழியும் பெயரும் அறியாமலே அவரை நாம் உறவாக உணர்தற்கு அது போதும்.

கண்டி மாணவர் தலதா மாளிகையையும் பேராதனைப் பூங்காவையும் பன்முறை கண்டிருப்பர். ஒரு நாள் மாத்தளை வழியே வடக்கே சென்று இப்பன்கட்டுவையையும் காண்பாராக. புதையல் தேடுவோன் ஆங்கே பொன்னை மட்டும் காண்பான். உரிமை தேடுவோன் தன் இனத்தை மட்டும் காண்பான். அறிவு தேடிச் செல்வோன், பெயரின்றி உறங்கும் மக்களையும், அவர்க்காகக் கல் சுமந்தோரின் கைகளையும் காண்பான்.