நனைந்த மருந்து

டி. கல்லுப்பட்டிப் பக்கத்துக் கரிசல் காட்டில், ஐப்பசி அடைமழைக்குப் பிறகு மாட்டுவண்டி ஓட்டிப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லப்போவது எளிதில் விளங்கும். கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் மண், நாலு மழை விழுந்தால் சக்கரத்தை அச்சுவரை விழுங்கிவிடும். அந்தச் சேற்றில் வண்டிக்குப் பதிலாகப் பீரங்கி போக வேண்டியிருந்தால்?

1801-ல் தென்பாண்டிச் சீமையில் நடந்த யுத்தத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த நினைவுதான் வருகிறது. பிப்ரவரி 2-ம் தேதி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்புகிறார். மார்ச் 31-ல் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கிய கும்பினிப் படை அடிபட்டுத் திரும்புகிறது. மே 24-ல் கோட்டை விழுகிறது. அக்டோபர் 1-ம் தேதி காளையார்கோயிலும் கை மாறிவிடுகிறது. தேதிகளைக் கவனித்தீர்களா? பெருமழை பிடிக்குமுன் எல்லாம் முடிந்துவிட்டது.

அந்தக் காலத்துத் துப்பாக்கி சிக்கிமுக்கிக் கல்லை நம்பிய துப்பாக்கி. விசையை இழுத்தால் கல் இரும்பில் உரசும். பொறி பறந்து, பக்கத்துச் சிறு குழியிலுள்ள சிட்டிகை மருந்தில் விழும். அது பற்றிக்கொண்டு குழலுக்குள் இருக்கும் மருந்தைக் கொளுத்தும். அந்தச் சிட்டிகை நனைந்ததோ, தீர்ந்தது! கையில் மிஞ்சுவது முனையில் கத்தி செருகிய ஒரு தடி. மருது சகோதரர்களின் ஆட்களிடமும் துப்பாக்கி உண்டு. ஆனால் அவர்கள் ஈட்டியும் வளரியும் பழகிய கைகள். ஈட்டிக்கு மழையாவது, வெயிலாவது!

இது வெறும் ஊகம் அல்ல. நாற்பது ஆண்டு கழித்துச் சீன தேசத்தில் இது நடந்தே விட்டது. அகப்பட்டுக்கொண்டவர்கள் நம் சென்னை ராஜதானிச் சிப்பாய்கள்.

அபினி யுத்த சமயம். 1841 மே 30. கான்டன் நகருக்கு வடக்கே சான்யுவான்லி கிராமத்துப் பக்கம், ஈட்டி ஏந்திய கிராமத்தார் ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். அவர்களை விரட்டப் போன 37-வது சென்னைக் காலாட்படையின் ஒரு கம்பெனி, ஏறக்குறைய 60 பேர், லெப்டினன்ட் ஹாட்ஃபீல்டின் தலைமையில் சென்றது, மற்றப் படையிலிருந்து பிரிந்துபோயிற்று. இடி, மின்னல், கொட்டுகிற மழை. வரப்பு எது, வயல் எது என்று தெரியவில்லை. துப்பாக்கிகள் வாய் திறக்க மறுத்தன. கிராமத்தாரோ எட்ட நின்றே நீண்ட ஈட்டியால் குத்தினார்கள். துப்பாக்கிக் கத்தி அவ்வளவு தூரம் எட்டாது. சிப்பாய்கள் நாலு பக்கமும் முகம் காட்டிச் சதுரமாக நின்று சமாளித்தார்கள். ஒருவர் இறந்தார்; பதினைந்து பேருக்குக் காயம்.

இருட்டிய பிறகு அவர்களைத் தேடி வந்து மீட்டவர்கள் கடற்படையின் மரீன் சிப்பாய்கள். அவர்கள் கையில் இருந்தது புது ரகத் துப்பாக்கி. கல்லுக்குப் பதில் செம்புக் கேப்பு. தீபாவளிக்குக் குழந்தைகள் வெடிக்கிற கேப்புக்குப் பாட்டனார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மழையிலும் அது வெடித்தது.

1801-ல் கேப்புத் துப்பாக்கி கிடையாது. அதற்காக, மழை வந்திருந்தால் மருதிருவர் வென்றிருப்பார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். புதுக்கோட்டைத் தொண்டைமானும் எட்டயபுரத்தாரும் கும்பினி பக்கம் நின்றார்கள். எந்த மழையும் அதை மாற்றியிராது. ஆனால் காளையார்கோயில் காட்டில் ஈட்டிக்காரனும் துப்பாக்கிக்காரனும் சில வாரங்களாவது சமமாக நின்றிருப்பார்கள்.

அக்டோபர் 24-ம் தேதி திருப்பத்தூரில் மருதிருவரைத் தூக்கிலிட்டபோது ஐப்பசி அப்போதுதான் பிறந்திருந்தது.