முதியோர் இல்லமும் மேற்பார்வையாளரும்

முதுமை எல்லா நாட்டாருக்கும் பொது. முதியோரைப் பேணும் முறையோ நாட்டுக்கு நாடும் காலத்துக்குக் காலமும் வேறுபட்டு வந்திருக்கிறது. குடும்பமே முதியோரைத் தாங்கிய காலத்தில் அப்பணியை மேற்பார்வை செய்யத் தனியே ஒருவர் வேண்டியதில்லை என்று சமுதாயம் எண்ணியது. ஊரார் கண்ணும் உறவினர் நாவும் அவ்வேலையை ஓரளவு செய்தன. முதியோர் தம் வீட்டை விட்டுப் பொது இல்லத்தில் வாழத் தலைப்பட்டதும் புதியதொரு வினா எழுந்தது. அங்கே அவருக்கு இடப்படும் உணவு போதுமா, இரவில் அழைத்தால் எவரேனும் வருகிறார்களா என்பதை வெளியே இருப்பவர் எவ்வாறு அறிவது?

இவ்வினா நமக்கு அயலானதன்று. தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் பணிபுரியும் தமிழர் சிலருடைய பெற்றோர் இன்று ஊரிலேயே முதியோர் இல்லங்களில் வாழ்கின்றனர். ஆண்டுக்கு ஒரு முறையோ இரு முறையோ ரயிலேறிச் சென்று அவர்களைக் கண்டு திரும்புகிறோம். எஞ்சிய நாட்களில் தொலைபேசியில் கேட்கும் குரலே நமக்குச் சான்று. ஆதலின் இத்தகைய இல்லங்களை மேற்பார்வை செய்யும் முறை எவ்வாறு தோன்றிற்று, எங்கே தவறிற்று, எதனால் திருந்திற்று என்பதைச் சற்று ஆராய்வது பயனுடைத்து. இவ்வரலாறு தொடர்ச்சியாக ஏடுகளில் பதிவாகியிருக்கும் நாடு இங்கிலாந்து. அங்கிருந்தே தொடங்குவோம்.

1834-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நாடாளுமன்றம் ஏழையர் சட்டத்தைத் திருத்தி அமைத்தது. உதவி வேண்டும் ஏழைகள் ‘வொர்க்ஹவுஸ்’ எனப்பட்ட ஏழை விடுதிகளில் சேர வேண்டும் என்பது அதன் நோக்கம். விடுதியின் வாழ்க்கை, வெளியே உழைத்துப் பிழைக்கும் மிக எளிய தொழிலாளியின் வாழ்க்கையைவிடத் தாழ்ந்ததாக இருக்க வேண்டும் என்பது அதன் கொள்கை. உடல் வலிமை உடையவரை உழைப்பின்பால் திருப்புவதற்காக வகுக்கப்பட்ட இக்கொள்கை, உழைக்கவே இயலாத முதியோரையும் பற்றிக்கொண்டது. ஐம்பது ஆண்டு இல்லறம் நடத்திய கணவனும் மனைவியும் விடுதி வாயிலிலேயே பிரிக்கப்பட்டு வெவ்வேறு கூடங்களுக்கு அனுப்பப்பட்டனர். அறுபது வயது கடந்த தம்பதியரை அவ்வாறு கட்டாயமாகப் பிரிக்கலாகாது என்று 1847-இல்தான் சட்டம் கூறிற்று.

இவ்விடுதிகளுக்கு மேற்பார்வை இல்லாமல் இல்லை. லண்டனில் மூவர் கொண்ட ஆணையம் இருந்தது. நாடெங்கும் சென்று விடுதிகளைப் பார்வையிடத் துணை ஆணையர்கள் இருந்தனர். ஒவ்வொருவருக்கும் இவ்வளவு ரொட்டி, இவ்வளவு பாலாடைக்கட்டி என்று அச்சிட்ட உணவுப் பட்டியலும் இருந்தது. அவ்வளவும் இருந்தும் ஆண்டோவரில் நிகழ்ந்ததைத் தடுக்க இயலவில்லை.

ஆண்டோவர் என்பது இங்கிலாந்தின் தென்பகுதியில் உள்ள சிற்றூர். அவ்வூர் விடுதியில் இருந்தவர்களுக்கு, வயல் உரத்திற்காக விலங்கெலும்புகளை இடித்துத் தூளாக்கும் வேலை இடப்பட்டிருந்தது. பசி பொறாத அவர்கள் அழுகிய எலும்பில் ஒட்டியிருந்த தசையையும் உள்ளிருந்த மஞ்சையையும் தின்றனர் என்ற செய்தி 1845-இல் வெளிவந்தது. பட்டியலில் கண்ட உணவு முழுவதும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை என்பதும் வெளிப்பட்டது. இதனை வெளிக்கொணர்ந்தவர் துணை ஆணையர் அல்லர். பாதுகாவலர் குழுவில் இருந்த மண்டி என்னும் உழவர் ஒருவர், தம் குழுவிலேயே ஆதரவு கிடைக்காமல், நாடாளுமன்ற உறுப்பினர் தாமஸ் வேக்லியிடம் சென்று முறையிட்டார். வேக்லி அவையில் வினா எழுப்பினார். 1846-இல் நாடாளுமன்றக் குழு ஒன்று விசாரித்தது. மறு ஆண்டு அந்த ஆணையமே கலைக்கப்பட்டு, நாடாளுமன்றத்துக்குப் பொறுப்புடைய வாரியம் ஒன்று அதன் இடத்தில் அமைந்தது.

இதிலிருந்து நாம் அறிவது ஒன்று உண்டு. உணவுப் பட்டியல் சுவரில் தொங்குகிறதா என்று பார்ப்பது எளிது. அவ்வுணவு தட்டில் விழுந்ததா என்பதைத் தட்டுக்கு உரியவரைக் கேட்டால்தான் அறியலாம். ஆனால் விடுதியில் வாழும் முதியவர், விடுதித் தலைவர் அருகே நிற்கும்போது வாய் திறப்பாரா?

இவ்வுண்மையைத் தம் இயல்பான அன்பினால் உணர்ந்தவர் லூயிசா ட்வைனிங் என்னும் அம்மையார். 1853-இல் அவர் தமக்கு முன்பே பழக்கமான மூதாட்டி ஒருவரைக் காண லண்டன் ஸ்ட்ராண்ட் விடுதிக்குச் சென்றார். அங்கே கண்டது அவரை வருத்திற்று. மகளிர் சிலர் முறையாகச் சென்று முதியோரையும் நோயாளிகளையும் கண்டு பேச அனுமதி வேண்டினார். அதிகாரிகள் முதலில் மறுத்தனர். அயலார் உள்ளே வந்தால் ஒழுங்கு குலையும் என்று அஞ்சினர். அம்மையார் தளரவில்லை. 1858-இல் ஏழை விடுதிகளைக் கண்டுவருவதற்கென்றே ஒரு சங்கம் நிறுவப்பட்டது. உறுப்பினர்களுக்கு அதிகாரம் எதுவும் இல்லை. கட்டிலருகே அமர்ந்து முதியோர் சொல்வதைக் கேட்பதே அவர்கள் வேலை.

1909-ஆம் ஆண்டின் முதல் நாளில் எழுபது வயது நிரம்பிய ஏழையர்க்கு வாரம் 5 ஷில்லிங் வரை ஓய்வூதியம் வழங்கப்படலாயிற்று. விடுதிக்குச் செல்லாமல் தம் குடிலிலேயே வாழப் பலருக்கு இது துணையாயிற்று. எனினும் தனித்து வாழ இயலாதவர்களுக்கு விடுதியை விட்டால் வேறு புகலிடம் அரிதாகவே இருந்தது.

1948-இல் இயற்றப்பட்ட தேசிய உதவிச் சட்டம் பழைய ஏழையர் சட்டத்தை ஒழித்தது. அமைச்சர் அனூரின் பெவான், பெரிய விடுதிகளுக்கு மாற்றாக இருபத்தைந்து முப்பது பேர் வாழும் சிறிய இல்லங்கள் தோன்ற வேண்டும் என்று விரும்பினார். எசமானனுக்கும் அடங்கி நடப்பவர்க்கும் இருந்த உறவு போய், ஓட்டல் நடத்துவோருக்கும் அங்குத் தங்குவோருக்கும் உள்ள உறவு வர வேண்டும் என்பது அவர் கருத்து. அக்காலத்தில் வார ஓய்வூதியம் 26 ஷில்லிங். அதில் 21 ஷில்லிங்கை இல்லத்துக்குக் கட்டிவிட்டு 5 ஷில்லிங்கை முதியவர் தம் கைச்செலவுக்கு வைத்துக் கொள்ளலாம். தொகை சிறிதே ஆயினும், பணம் கொடுத்துத் தங்குபவர் என்ற தகுதி அவருக்குக் கிடைத்தது. தனியார் நடத்தும் இல்லங்கள் பதிவு பெற வேண்டும், அவற்றை உள்ளாட்சி அலுவலர் பார்வையிடலாம் என்றும் அச்சட்டம் விதித்தது.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இங்கே ஒரு சொல் மாற்றம் கண்ணில் படுகிறது. பழைய ஏடுகளில் விடுதி முதியோர் ‘இன்மேட்’ எனப்பட்டனர். சிறையில் இருப்போருக்கும் அதே சொல். புதிய இல்லங்களில் அவர்கள் ‘ரெசிடெண்ட்’, அதாவது குடியிருப்போர் ஆயினர். சொல் மாறியது போல் வாழ்க்கையும் மாறிற்றா?

இதனை நேரில் அறிய முற்பட்டவர் பீட்டர் டவுன்சென்ட் என்னும் சமூகவியல் அறிஞர். 1950-களின் பிற்பகுதியில் அவரும் அவருடைய துணைவர்களும் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 173 இல்லங்களுக்குச் சென்றனர். நடத்துவோரிடம் பேசியதோடு நில்லாமல், புதிதாக வந்து சேர்ந்த முதியோரிடமும் உரையாடினர். டவுன்சென்ட் ஓர் இல்லத்தில் குளிப்பாட்டும் பணியாளாகவும் சில நாள் வேலை செய்தார். பெயர் மாற்றிய பழைய ஏழை விடுதிக் கட்டடங்களிலேயே பல்லாயிரம் முதியோர் இன்னும் வாழ்ந்து வருவதை அவர் கண்டார். உண்ணவும் உறங்கவும் இடம் இருந்தது. செய்ய வேலையும் பேசத் தோழமையும் தம்முடையது என்று சொல்ல ஒரு மூலையும் இல்லை. ‘கடைசிப் புகலிடம்’ என்று பொருள்படும் பெயருடன் 1962-இல் வெளிவந்த அவரது நூல் அந்நாட்டாரின் மனத்தை உலுக்கிற்று.

முதியோரையே கேட்டறியும் இம்முறை சட்டத்தில் ஏறியதற்குச் சிறந்த சான்று அமெரிக்காவில் கிடைக்கிறது. அங்கே மருத்துவப் பராமரிப்பு இல்லங்களின் நிலை குறித்துப் பல ஆண்டுகள் புகார் எழுந்து வந்தது. 1985-இல் குடிமக்கள் அமைப்பு ஒன்று பல நகரங்களில் நானூறுக்கு மேற்பட்ட முதியோரை அணுகி, நல்ல பராமரிப்பு என்று நீங்கள் எதனைக் கருதுகிறீர்கள் என்று கேட்டது. கட்டடத்தின் அழகைவிட, தம்மைத் தொட்டுத் தூக்கும் பணியாளரின் பரிவையே அவர்கள் பெரிதாகக் கூறினர். 1986-இல் மருத்துவ அறிஞர் குழு ஒன்றும் இதே நோக்கில் அறிக்கை தந்தது. 1987-இல் இயற்றப்பட்ட கூட்டாட்சிச் சட்டத்தின்படி, ஆய்வாளர் முன்னறிவிப்பின்றி வர வேண்டும். அவர் வரும் நாளை இல்லத்தாருக்கு முன்கூட்டித் தெரிவிப்பவருக்கு 2,000 டாலர் வரை தண்டம் என்று அச்சட்டம் அன்று விதித்தது. ஆய்வாளர் ஏடுகளைப் பார்ப்பதோடு முதியோரிடமும் பேச வேண்டும் என்பது ஆய்வு முறையின் பகுதியாயிற்று.

இங்கிலாந்திலும் 2000-ஆம் ஆண்டில் பராமரிப்புத் தரச் சட்டம் நிறைவேறிற்று. 2002 முதல் முதியோர் இல்லங்களுக்கென 38 தரங்கள் வகுக்கப்பட்டு நடைமுறைக்கு வந்தன. புதிதாகக் கட்டும் தனியறை 12 சதுர மீட்டருக்குக் குறையலாகாது என்பது போன்ற அளவுகளும், உணவு, புகார் கேட்டல், தன்மறைவு பற்றிய நெறிகளும் அவற்றில் அடங்கியிருந்தன. 2009 முதல் ஒரே ஆணையம் மருத்துவமனைகளையும் இல்லங்களையும் பார்வையிட்டு வருகிறது. அதன் பின்னும் பிழை நேர்ந்தது. 2011-இல் பிரிஸ்டல் அருகே, அறிவு வளர்ச்சி குன்றியோருக்கான வின்டர்போர்ன் வியூ என்னும் மருத்துவமனையில் நடந்த கொடுமைகளைத் தொலைக்காட்சியின் மறைபடக் கருவி காட்டிற்று. அங்குப் பணியாற்றிய செவிலியர் ஒருவர் அதற்கு முன்பே ஆணையத்துக்கு முறையிட்டிருந்தார். அம்முறையீடு உரிய கவனம் பெறவில்லை. தரங்கள் பல இருந்தும், சொன்னவரின் சொல் செவியில் ஏறாதபோது நூற்றறுபது ஆண்டுக்கும் முந்தைய ஆண்டோவரே திரும்பி வந்தது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். ஆதரவற்றோருக்கு இடம் தரும் அறம் இங்குப் பழையது. சென்னையில் 1782-இல் பஞ்சத்தால் நலிந்தோருக்குக் கஞ்சி வார்க்கத் தொடங்கிய மணியக்காரர் சத்திரமே பின்னர் இராயபுரத்தில் முதியோருக்கும் புகலிடம் ஆயிற்று. இத்தகைய அறநிலையங்களில் கொடுப்போரின் மனமே தரமாக இருந்தது; பெறுவோர் குறை கூறுவது நன்றி மறத்தலாகக் கருதப்பட்டது. அம்மனப்பாங்கு இன்றும் முற்றும் நீங்கவில்லை.

2007-ஆம் ஆண்டில் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் நிறைவேறிற்று. அதன் 19-ஆம் பிரிவு, மாவட்டத்துக்கு ஒன்றேனும் என்ற கணக்கில், வறிய முதியோர் 150 பேருக்குக் குறையாமல் தங்கும் இல்லங்களை மாநில அரசு நிறுவலாம் என்கிறது. அவ்வில்லங்களின் தரத்தையும், மருத்துவத்துக்கும் பொழுதுபோக்குக்கும் வேண்டிய பணிகளையும் திட்டமாக வகுக்கலாம் என்றும் கூறுகிறது. ‘நிறுவலாம்’, ‘வகுக்கலாம்’ என்பவற்றை உற்று நோக்குக. ‘வேண்டும்’ என்னும் சொல் அங்கே இல்லை. சட்டத்தைத் தமிழாக்குவோருக்கு இது ஒரு விகுதி. கட்டிலில் படுத்திருக்கும் முதியவருக்கு இதுவே வாழ்க்கை. எல்லா இல்லங்களும் பதிவு பெற்று, குறைந்தபட்சத் தரங்களுக்கு உட்பட வேண்டும் என்ற திருத்த மசோதா 2019 டிசம்பரில் மக்களவைக்கு வந்தது. அது நிறைவேறாமலே 2024-இல் அவ்வவையின் காலம் முடிந்தது. எனவே மாநிலங்கள் தத்தமக்கு வகுத்துக்கொண்ட விதிகளே இன்று வழிகாட்டுகின்றன.

இந்நிலையில் தொலைவில் வாழும் நாமும் ஒருவகையில் மேற்பார்வையாளர் ஆகிறோம். நாம் அப்பணியைச் செய்த விதத்தை மறைக்காமல் கூற வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் விடுமுறையில் சென்றிருந்தபோது, திருச்சிராப்பள்ளிப் பக்கத்து இல்லம் ஒன்றில் இருந்த எம் பெரியம்மாவைக் காணச் சென்றோம். வரும் நாளையும் நேரத்தையும் முன்பே தொலைபேசியில் சொல்லியிருந்தோம். முற்றம் கழுவிக் கோலமிட்டிருந்தது. மேலாளர் உடன் வந்து சமையலறை, மருந்து அலமாரி, தொலைக்காட்சிக் கூடம் யாவற்றையும் காட்டினார். குறை சொல்ல ஒன்றும் காணோம். பார்வையாளர் ஏட்டில் ‘யாவும் திருப்தி’ என்று எழுதிக் கையொப்பம் இட்டோம். வாயில்வரை வந்த பெரியம்மா, மேலாளர் உள்ளே சென்ற பின், “எல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி. ராத்திரி தாகம் எடுத்தா மட்டும் விடியற வரைக்கும் பொறுத்துக்கணும். இதைப் போய் யார்கிட்டயும் சொல்லாதே” என்றார். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பி வந்தோம். தில்லி திரும்பிய பின் எழுதிய கடிதத்தால் அவர் கட்டிலருகே ஒரு கூஜா வைக்கப்பட்டது. பக்கத்துக் கட்டில்களைப் பற்றி எழுத அப்போது நமக்குத் தோன்றவில்லை.

பெரியம்மா இன்று இல்லை. அவர் கற்பித்த பாடத்தைச் சில சொற்களில் கூறி முடிப்போம். இல்லத்தின் விதி இடம் தருமாயின் முன்னறிவிப்பின்றிச் செல்லுக. உணவு வேளையில் சென்று உடன் அமர்ந்து உண்ணுக. முதியவரோடு தனியே ஒரு மணி நேரமேனும் இருக்க. ‘சௌக்கியமா’ என்று கேட்டால் ‘சௌக்கியம்’ என்றே விடை வரும். ‘நேற்று இரவு எத்தனை முறை எழுந்தீர்கள், யார் வந்தார்கள்’ என்று கேட்க. இரவில் எத்தனை பணியாளர் இருக்கின்றனர் என்பதை இல்லத்தாரிடம் வினவுக. இல்லம் பதிவு பெற்றதா என்பதை மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் கேட்டறிக. முதியோருக்கென நாடு முழுவதற்கும் உள்ள 14567 என்னும் உதவித் தொலைபேசி எண்ணை அவர்களுக்கும் எழுதிக் கொடுத்து வருக. குறை கண்டால் அதைப் பணிவோடும் தெளிவோடும் எழுத்தில் தெரிவிக்க. உள்ளம் உவந்து உழைக்கும் பணியாளரைக் கண்டால் அவர் பெயரையும் அதே ஏட்டில் எழுதுக. ஏட்டில் கையொப்பம் இடுவதற்கு முன், அடுத்த கட்டிலில் இருப்பவரிடமும் இரண்டு சொல் பேசி வருவோமாக. அவரைக் காண வருவார் எவரும் இல்லாமல் இருக்கலாம்.