நகல் பிழை (விண்டோஸ் எக்ஸ்பி)

நகல் பிழை: 2001 அக்டோபர் 25இல் வெளியான விண்டோஸ் எக்ஸ்பியை மீண்டும் நிறுவுகையில், சிடியிலுள்ள கோப்பை ஹார்ட் டிஸ்க்குக்கு நகலெடுக்க முடியாமல் நிறுவல் நின்றுபோகும் நிலை. நீலத்திரைக் கட்டத்தில் தோன்றும். கீறலும் தூசியுமே முதலில் சந்தேகத்துக்குள்ளாகின்றன. எனினும் சிடியில் நிறுவல் கோப்புகளைக் கொண்ட ஐ386 கோப்புறையின் கோப்புகளில் பெரும்பாலானவை சுருக்கப்பட்டவை. அவற்றை விரிக்கும் வேலை ராமில் நடப்பதால், பழுதான ராம் நல்ல சிடியையும் கெட்டதாகக் காட்டிவிடும். ஒவ்வொரு முறையும் வேறு கோப்பில் நின்றால் ராமையும், ஒரே கோப்பில் நின்றால் சிடியையும் முதலில் சோதிப்பது பொருத்தம். ராம்களை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தல், ஐடிஇ கேபிளை மாற்றுதல் ஆகியன பிற வழிகள். எஸ்கேப் விசையால் கோப்பைத் தாண்டுவது தீர்வன்று. குறை பின்னர் வெளிப்படும். எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8இல் முடிந்தது. அவ்வாண்டு தமிழக அரசு, மத்திய அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாறுமாறு தன் துறைகளை அறிவுறுத்தியது.