கண்டி இராச்சியத்துக் கத்தோலிக்கர்: குரு இல்லாத காலமும் யோசப் வாஸ் அடிகளாரும்

1658இல் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் கைக்குப் போனதோடு இலங்கையில் போர்த்துக்கேயர் ஆட்சி முடிந்தது. கத்தோலிக்கக் குருமார் நாடு கடத்தப்பட்டனர். கோவில்கள் ஒல்லாந்தரின் புராட்டஸ்தாந்து சீர்திருத்த சபையின் வழிபாட்டிடங்களாகவும் பள்ளிக்கூடங்களாகவும் மாற்றப்பட்டன. கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலம் கொடுப்பவருக்கு மரண தண்டனை என்று அதே ஆண்டில் கட்டளை பிறந்தது. பிள்ளையின் ஞானஸ்நானமும் திருமணமும் சீர்திருத்த சபையின் பதிவில் ஏறினால்தான் சட்டத்தின் முன் செல்லும். சொத்துரிமையும் உத்தியோகமும் அதையே சார்ந்திருந்தன. அதனால் கரையோரக் கத்தோலிக்கரில் பலர் பகலில் ஒல்லாந்தரின் கோவிலுக்குப் போய் வந்து, இரவில் கதவடைத்துச் செபமாலை சொன்னார்கள். இதைக் கோழைத்தனம் என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் அந்த இரவுச் செபங்கள் இல்லாதிருந்தால், முப்பது ஆண்டுகள் கழித்து வந்த குருவானவருக்குத் தேடிக் கண்டுபிடிக்க ஒருவரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள்.

மலைநாட்டின் நிலைமை வேறு. கண்டி அரசர்கள் பௌத்தர்கள். இரண்டாம் இராஜசிங்கன் 1638இல் கன்னொருவையில் போர்த்துக்கேயப் படையை அழித்தவன். அவர்களைத் துரத்த ஒல்லாந்தரோடு கைகோர்த்தவனும் அவனே. பின்னர் ஒல்லாந்தரோடு பகை மூண்டபோது, அவர்களுக்கு அஞ்சி ஓடிவந்த கத்தோலிக்கருக்கு அவனது நாடு புகலிடமாயிற்று. போரில் பிடிபட்ட போர்த்துக்கேயரும் மலைநாட்டுக் கிராமங்களில் குடியமர்த்தப்பட்டனர். மாத்தளைக்கு வடக்கே கலேவலைக்கு அருகிலுள்ள வஹக்கோட்டை அத்தகைய ஊர். அவர்களின் வழித்தோன்றல்கள் சிங்களம் பேசி, சிங்கள உழவராகவே வாழ்ந்தும், அந்தோனியார் சுரூபத்தைக் கைவிடவில்லை. இங்கே மதத்துக்காக யாரும் தண்டிக்கப்படவில்லை. ஆனால் பூசை வைக்கவோ பாவசங்கீர்த்தனம் கேட்கவோ ஒரு குருவும் இல்லை. அடக்குமுறையை எதிர்த்து நிற்பவருக்கு எதிரியாவது கண்முன் இருப்பான். யாரும் கேட்பாரற்று, செபங்களின் சொற்கள் ஒவ்வொன்றாய் மறந்துபோக விசுவாசம் தேய்வதைத் தடுப்பது அதைவிடக் கடினம்.

இந்த நிலையைக் கேள்வியுற்று வந்தவர் கோவாவின் கொங்கணிக் குரு யோசப் வாஸ். 1651 ஏப்ரல் 21ஆம் நாள் பெனாலிமில் பிறந்து, 1676இல் குருப்பட்டம் பெற்றவர். 1687இல் யோவான் என்ற ஒரே துணைவருடன், கூலியாளின் உடையில், தூத்துக்குடியிலிருந்து தோணியேறி யாழ்ப்பாணம் சேர்ந்தார். வந்து இறங்கியதும் வயிற்றுளைவு நோய் இருவரையும் சாய்த்தது. தொற்றுக்கு அஞ்சி ஊரார் விலக, ஒரு பெண் கொண்டுவந்து கொடுத்த கஞ்சியில் உயிர் தங்கியது. எழுந்து நடக்க முடிந்ததும் கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். செபமாலையைக் கண்டதும் எந்த முகம் மாறுகிறது என்று பார்ப்பதே அவர் கத்தோலிக்கரை இனங்கண்ட வழி. சில்லாலை அவருக்கு இருப்பிடமாயிற்று. பூசைகள் நள்ளிரவில் நடந்தன. ஒல்லாந்தரின் வேட்டை இறுகியதும் 1690இல், கண்டி அரசனுக்கு உட்பட்ட புத்தளத்துக்குப் போனார்.

1692இல் கண்டிக்குப் புறப்பட்டார். அங்கே காத்திருந்தது சிறை. லா நெரோல் என்ற பிரெஞ்சுக்காரர், 1672இல் பிரெஞ்சுக் கடற்படையின் தூதராக வந்து இராஜசிங்கனால் தடுத்துவைக்கப்பட்டு அரசவையிலேயே தங்கிவிட்டவர். சீர்திருத்த சபையைச் சேர்ந்தவர். வந்திருப்பவர் போர்த்துக்கேய ஒற்றர் என்று அவர் அப்போதைய மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியனிடம் கூறினார். வாஸ் அடிகளாரும் உடன் வந்தவர்களும் காவலில் வைக்கப்பட்டனர். அந்த நாட்களை அவர் சிங்களம் கற்கப் பயன்படுத்தினார். காவல் வளவுக்குள்ளேயே ஓலைக்கூரையிட்ட சிறு கோவிலை எழுப்பினார். நகரத்துக் கத்தோலிக்கர் முதலில் அஞ்சி எட்ட நின்று, பிறகு ஒருவர் இருவராக வரத் தொடங்கினர். இந்த மனிதரிடம் ஒற்று வேலை எதுவும் இல்லை என்பதை மன்னன் கண்டுகொள்ளக் கட்டுப்பாடுகள் படிப்படியாகத் தளர்ந்தன. வறட்சி ஒன்றில் மன்னன் கேட்டுக்கொண்டபடி அவர் சிலுவையின் முன் செபித்ததாகவும் மழை கொட்டியதாகவும் அவரது வரலாறுகள் கூறும்.

1697இல் நகரில் பரவிய பெரியம்மையே உண்மையான சோதனை. மன்னனும் மக்களும் கண்டியை விட்டு அகன்றார்கள்; நோயாளிகள் காட்டில் விடப்பட்டனர். வாஸ் அடிகளாரும், கோவாவிலிருந்து வந்து சேர்ந்திருந்த அவரது மருமகன் யோசப் கர்வாலியோ அடிகளாரும் நகரிலேயே தங்கினர். கைவிடப்பட்ட வீடுகளை மருத்துவமனையாக்கி, காட்டில் குடிசை போட்டு, புண்களைக் கழுவி, உணவூட்டி, இறந்தவர்களைத் தாமே குழிதோண்டிப் புதைத்தனர். கத்தோலிக்கர், பௌத்தர் என்று பார்க்கவில்லை. கொள்ளை நோய் அடங்கியபின் அவரது பணிக்கு அரசனின் ஆதரவு உறுதியாயிற்று. பௌத்த பிக்குகளின் உயர்நிலைத் துறவேற்பான உபசம்பதையை மீட்க அரக்கானிலிருந்து பிக்குகளை வரவழைத்த மன்னனும் இவனே என்பதை மறக்கக் கூடாது. தன் மதத்தில் பற்றுள்ள அரசன் இன்னொரு மதத்தின் குருவை மதித்தான். அந்த மதிப்பு இல்லாதிருந்தால் கண்டியில் கோவில் எழுந்திராது.

அடுத்த ஆண்டுகளில், வாஸ் அடிகளார் சேர்ந்திருந்த கோவா ஒரட்டரி குருக்கள் சபையிலிருந்து மேலும் குருமார் வந்தனர். ஆனாலும் ஊர்களுக்கு ஆண்டில் ஓரிருமுறையே குரு வர முடிந்தது. இடைப்பட்ட மாதங்களில் செபம் சொல்லிக்கொடுப்பதும், சாகக் கிடப்பவரின் அருகில் இருப்பதும், பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதும் ஊர் மூப்பர், அண்ணாவிமார் பொறுப்பு. இலங்கைத் திருச்சபையை அந்த நூற்றாண்டில் காத்தவர்கள் பெரும்பாலும் இவர்களே. ஏட்டில் பெயர் ஏறாமல் போனவர்களும் இவர்களே. வாஸ் அடிகளாருக்கு ஆயருக்கு நிகரான பதவி அளிக்கும் பேச்சு எழுந்தபோது அவர் மறுத்தார். வெறுங்காலோடு காட்டுவழி நடந்து நலிந்த உடல் 1711 ஜனவரி 16ஆம் நாள் கண்டியில் ஓய்ந்தது. இருபத்து நான்கு ஆண்டுகளில் ஒருமுறைகூட அவர் சொந்த ஊர் திரும்பவில்லை.

1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் சிங்களத்திலும் தமிழிலும் நூல்கள் எழுதிக் குவித்தார். அவரது ‘வியாகுலப் பிரசங்கம்’ தவக்காலத்தில் யாழ்ப்பாணம், மன்னார்க் கோவில்களில் ஒப்பாரி இராகத்தில் படிக்கப்பட்டு வந்தது. குரு வராத ஊரிலும் புத்தகம் இருந்தால் வழிபாடு நடக்கும் என்ற கணக்கு வீண்போகவில்லை. விமலதர்மசூரியனுக்குப் பின் வந்த நரேந்திரசிங்கன் இருந்தவரை அரசவையின் நட்பு நீடித்தது. 1739இல் ஸ்ரீ விஜய இராஜசிங்கன் ஆட்சிக்கு வந்தபின் காற்று திசைமாறியது. 1740களில் குருமார் கண்டியிலிருந்து வெளியேற்றப்பட்டு, கோவிலும் அழிந்தது. அதனோடு வாஸ் அடிகளாரின் கல்லறையும் மறைந்தது. அதன் இடம் இன்றுவரை திட்டமாக அடையாளம் காணப்படவில்லை. வஹக்கோட்டை போன்ற ஊர்கள் மீண்டும் தங்கள் மூப்பர்களை நம்பியே வாழ்ந்தன.

கரையோரக் கத்தோலிக்கர் மீதிருந்த சட்டத் தடைகளை, ஒல்லாந்தரிடமிருந்து கரையோரத்தைக் கைப்பற்றிய ஆங்கிலேயர் 1806இல் நீக்கினர்; 1815இல் கண்டியும் அவர்கள் வசமானது. கோப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளரில் கத்தோலிக்கரும் இருந்ததால், மலைநாட்டுத் திருச்சபை சிங்களம், தமிழ் என இரு மொழிகளில் வளர்ந்தது. 1883இல் தனி ஆட்சிப் பகுதியாகி, 1886இல் கண்டி மறைமாவட்டமானது. புனித அந்தோனியார் கோவில் அதன் பேராலயம். 1893இல் அம்பிட்டியவில் தொடங்கிய பாப்பரசர் குருமடம், 1955இல் புனேக்கு மாறும்வரை இந்தியா, இலங்கை இரண்டுக்குமான குருக்களை உருவாக்கியது. ஒரு குருவுக்காக முப்பது ஆண்டுகள் ஏங்கிய மண் அது. யோசப் வாஸ் 1995 ஜனவரி 21ஆம் நாள் கொழும்பில் இரண்டாம் யோவான் பவுலால் அருளாளராகவும், 2015 ஜனவரி 14ஆம் நாள் காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸால் புனிதராகவும் உயர்த்தப்பட்டார். அவரது திருநாள் ஜனவரி 16.