சென்னையும் நாடு கடந்த தத்தெடுப்பும்

ஒரு நாட்டில் பிறந்த குழந்தை வேறொரு நாட்டில் வாழ்பவர்களுக்குச் சட்டப்படி பிள்ளையாவதை நாடு கடந்த தத்தெடுப்பு என்கிறோம். இந்தியக் குழந்தைகள் 1960-கள் முதல் இப்படி ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகத் தொடங்கினர். அடுத்த இருபது ஆண்டுகளில் எண்ணிக்கை பெருகியது. 2003 முதல் இது, இத்தகைய தத்தெடுப்புகளுக்கான பன்னாட்டு ஒப்பந்தமான ஹேக் உடன்படிக்கையின் கீழ் நடக்கிறது. தமிழ்நாட்டைப் பொறுத்தவரை இந்த வரலாற்றின் பெரும்பகுதி சென்னையைச் சுற்றியே நிகழ்ந்தது. காப்பகங்கள், உயர் நீதிமன்றம், விமான நிலையம் என மூன்றும் இங்கே இருந்தன. இந்த வரலாற்றில் நல்ல வீடும் நல்ல வாழ்வும் பெற்ற பிள்ளைகள் ஏராளம். பெற்றவளிடமிருந்து திருடப்பட்ட பிள்ளைகளும் உண்டு. எதையும் விட்டுவிட்டு இதை எழுத முடியாது.

முன்வரலாறு

கைவிடப்பட்ட குழந்தையை எடுத்து வளர்ப்பது தமிழ் மண்ணுக்குப் புதிதல்ல. மணிமேகலையில் வரும் ஆபுத்திரன் தாயால் விட்டுச் செல்லப்பட்டு, பசுவால் காக்கப்பட்டு, வயனங்கோட்டு இளம்பூதி என்ற அந்தணரால் மகனாக வளர்க்கப்பட்டவன். வளர்ந்தபின் ஊரார் அவன் பிறப்பைச் சொல்லி இழித்தார்கள். வளர்த்த தந்தையும் அவனைக் கைவிட்டார். எடுத்து வளர்ப்பதோடு வேலை முடிந்துவிடாது என்பதற்கு இதைவிடப் பழைய சாட்சியம் தமிழில் இருப்பதாகத் தெரியவில்லை.

சட்டம் அக்கறை காட்டியது வேறொரு வகைத் தத்தில். அது வாரிசுக்கான சுவீகாரம். நகரத்தார் பிள்ளை கூட்டிக்கொள்வதும், ஜமீன்தார்கள் தத்து எடுத்ததும் குடும்பப் பெயருக்காகவும் சொத்துக்காகவும் நீர்க்கடனுக்காகவும்தான். தஞ்சை மன்னர் துளஜா 1787-ல் சரபோஜியைத் தத்தெடுத்தார். அந்தத் தத்து செல்லாது என்று முதலில் ஒதுக்கிய கிழக்கிந்தியக் கம்பெனி, பின்னர் செல்லும் என்று மாற்றிச் சொல்லி 1798-ல் அவரை அரியணை ஏற்றியது. இராமநாதபுரம் ராணி எடுத்த தத்தை மதுரை கலெக்டர் எதிர்த்த வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. கணவன் அனுமதி தராமல் இறந்திருந்தாலும், அவனுடைய பங்காளிகள் இசைந்தால் விதவை தத்தெடுக்கலாம் என்று 1868-ல் தீர்ப்பானது. தென்னாட்டு இந்துச் சட்டத்தில் இன்றும் பேசப்படும் தீர்ப்பு அது. இந்த வழக்குகள் எதிலும் குழந்தைக்கு என்ன நல்லது என்ற கேள்வி எழவில்லை.

ஆதரவற்ற குழந்தைகளின் பக்கம் நின்றவர்கள் வேறு மனிதர்கள். திருநெல்வேலிச் சீமையில் டோனாவூரில் அயர்லாந்துப் பெண் ஏமி கார்மைக்கேல் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து நூற்றுக்கணக்கான குழந்தைகளை வளர்த்தார். அடையாற்றில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி ஔவை இல்லத்தை நிறுவினார். தியாகராய நகரில் காமராஜரின் துணையோடு மஞ்சுபாஷிணி 1949-ல் பால மந்திரைத் தொடங்கினார். குழந்தைகளை வெளிநாட்டுக்கு அனுப்புவது இந்த இல்லங்களைத் தொடங்கியவர்களின் நோக்கமாக இருந்ததில்லை. இங்கேயே வளர்த்து ஆளாக்குவதுதான் நோக்கம்.

காப்பாளர் சட்டத்தின் காலம்

1956-இன் இந்துத் தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம் மகளையும் தத்தெடுக்கலாம் என்று வழி திறந்தது. ஆனால் எடுப்பவரும் எடுக்கப்படுபவரும் இந்துவாக இருக்க வேண்டும். அதனால் வெளிநாட்டுத் தம்பதிகள் 1890-இன் காப்பாளர் சட்டத்தின் கீழ் மனு போட்டார்கள். நீதிமன்றம் அவர்களைக் காப்பாளராக நியமிக்கும். குழந்தைக்கு பாஸ்போர்ட் எடுத்துத் தம் நாட்டுக்குக் கொண்டுபோய், அங்கே தத்தெடுப்பை முடிப்பார்கள். ஆக, குழந்தை இந்தியாவை விட்டுப் புறப்படும்போது யாருடைய பிள்ளையும் அல்ல. அங்கே தத்து முடியாமல் இழுத்தடித்தால் அதைக் கேட்க இங்கே ஆளில்லை.

அதே காலத்தில் மேற்கு நாடுகளில் தத்துக்குக் கிடைக்கும் குழந்தைகள் குறைந்துகொண்டிருந்தார்கள். கருத்தடை பரவியது. கருக்கலைப்பு சட்டபூர்வமானது. மணமாகாத தாய்க்கு அரசு உதவி வந்தது. வெளிநாட்டிலிருந்து குழந்தைகளைத் தத்தெடுக்க, கொரியப் போருக்குப் பின் அமெரிக்கர்கள் கண்ட வழியை ஸ்வீடனும் நெதர்லாந்தும் டென்மார்க்கும் சுவிட்சர்லாந்தும் இந்தியாவிலும் இலங்கையிலும் பின்பற்றின. எல்லா மதத்தினருக்கும் பொதுவான தத்துச் சட்டத்துக்காக 1972-ல் மாநிலங்களவையில் கொண்டுவந்த மசோதா எதிர்ப்பால் நிறைவேறாமல் போனது. அந்த வெற்றிடத்தில்தான் இடைத்தரகர்கள் வளர்ந்தார்கள்.

லட்சுமி காந்த் பாண்டே வழக்கு

இந்தியக் குழந்தைகளை வெளிநாட்டுக்கு அனுப்புவதில் நடக்கும் முறைகேடுகள் பற்றி வந்த செய்தியைக் காட்டி, வழக்கறிஞர் லட்சுமி காந்த் பாண்டே 1982-ல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதமே மனுவாக ஏற்கப்பட்டது. நீதிபதி பகவதி 1984 பிப்ரவரியில் அளித்த தீர்ப்பு, சட்டம் இல்லாத இடத்தில் சட்டமாகவே நின்றது. முதலில் இந்தியக் குடும்பத்தைத் தேட வேண்டும், கிடைக்காதபோதுதான் வெளிநாடு. அங்கீகாரம் பெற்ற நிறுவனம் வழியாக மட்டுமே மனு வர வேண்டும். எடுப்பவர் குடும்பத்தைப் பற்றிச் சமூகப் பணியாளர் நேரில் பார்த்து எழுதிய அறிக்கை வேண்டும்.

அந்தத் தீர்ப்பில் என்னை மிகவும் கவர்ந்தது பெற்ற தாயைப் பற்றிய பகுதி. பிறப்பதற்கு முன்போ, பிறந்து மூன்று மாதத்துக்குள்ளோ, குழந்தையைக் கொடுத்துவிடும்படி அவளைத் தூண்டக் கூடாது. அந்த முடிவை எடுக்க அனுமதிக்கவும் கூடாது என்றது நீதிமன்றம். பிரசவ வார்டில், கையில் காசில்லாமல், வீட்டார் முகம் கொடுக்காத நிலையில் வைத்த கைநாட்டை முழு மனதான சம்மதம் என்று கொள்ள முடியாது என்பதை உணர்ந்த வரி அது.

இந்தத் தீர்ப்பின் வழி வந்ததுதான் மத்தியத் தத்துவள ஆணையம். ‘காரா’ என்று எல்லோரும் சொல்லும் இந்த அமைப்பு 1990-ல் தொடங்கியது. 1993-இன் ஹேக் உடன்படிக்கையை இந்தியா 2003 ஜூனில் உறுதிசெய்தது. இதற்கிடையே தமிழ்நாட்டில் 1992-ல் பெண்சிசுக் கொலையைத் தடுக்க முதல்வர் ஜெயலலிதா சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கினார். பின்னர் அது மதுரை, தேனி, திண்டுக்கல், தருமபுரிக்கும் விரிந்தது. பெயர் சொல்லாமல் தொட்டிலில் விடலாம் என்பது பல உயிர்களைக் காத்தது. அதே வசதியால் அந்தக் குழந்தைகளில் பலரின் கோப்பில் தாயின் பெயருக்கான இடம் வெறுமையாகவே இருக்கிறது.

புளியந்தோப்பு வழக்கு

1990-களின் கடைசியில் வடசென்னைக் குடிசைப் பகுதிகளில் சிறு குழந்தைகள் காணாமல் போனார்கள். புளியந்தோப்பு, வண்ணாரப்பேட்டை என்று தெரு விளையாட்டிலிருந்தும் குழாயடியிலிருந்தும் தூக்கிச் செல்லப்பட்டார்கள். கூலிவேலை செய்யும் பெற்றோர் காவல் நிலையத்துக்கும் கோயிலுக்கும் குறி சொல்பவரிடமும் அலைந்தார்கள். 2005-ல், ஒரு மதுக்கடையில் குழந்தைக் கடத்தல் பற்றி உரக்கச் சண்டை போட்டவர்களைப் பற்றிக் கிடைத்த தகவலால் விஷயம் வெளியே வந்தது. குழந்தைகளை மலேசியன் சோஷியல் சர்வீசஸ் என்ற சென்னைத் தத்து நிறுவனத்துக்கு ஒருவருக்குப் பத்தாயிரம் ரூபாய் அளவில் விற்றதாகக் காவல்துறை வழக்குப் போட்டது. 1991 முதல் 2003 வரை அந்த நிறுவனம் குறைந்தது 165 குழந்தைகளை அமெரிக்கா, நெதர்லாந்து, ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பியிருந்ததாகக் காவல்துறை ஆவணங்கள் கூறின. அவர்களில் எல்லோரும் திருடப்பட்டவர்கள் அல்லர். யார் திருடப்பட்டவர், யார் மனமொப்பிக் கொடுக்கப்பட்டவர் என்று கோப்பைப் பார்த்துச் சொல்ல முடியாமல் போனதுதான் பெரிய கொடுமை.

கோப்புகள் முறையாகவே இருந்தன. ஒப்படைப்புப் பத்திரம் இருந்தது. தாய் என்று ஒரு பெயர், அவள் கையெழுத்து, சாட்சி எல்லாம் இருந்தன. பெயர்தான் பொய். குழந்தைக்கும் வேறு பெயர். காராவின் தடையில்லாச் சான்றும் நீதிமன்ற உத்தரவும் அந்தப் பொய்யின் மேல் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன. கடல் கடந்த வளர்ப்புப் பெற்றோர் தம் கையில் இருந்த முத்திரைகளை நம்பினார்கள். அவர்களும் ஏமாற்றப்பட்டவர்களே. விசாரணை பின்னர் சி.பி.ஐ.யிடம் போனது. தம் மகன் என்று நம்பிய சிறுவனுக்கு மரபணுச் சோதனை செய்யச் சொல்லி நெதர்லாந்து நீதிமன்றத்தை நாடிய சென்னைப் பெற்றோரின் கோரிக்கை 2010-ல் நிராகரிக்கப்பட்டது. பிள்ளையின் இப்போதைய வாழ்வைக் குலைக்கக் கூடாது என்ற அக்கறை புரியாமல் இல்லை. ஆனால் பெற்றவர்களின் வாழ்வு குலைந்தது யார் கணக்கிலும் வரவில்லை.

சுனாமி

2004 டிசம்பர் 26-க்குப் பின் பாலவாக்கம், நீலாங்கரை முதல் கன்னியாகுமரி வரை கடலோரம் முழுதும் துயரத்தில் இருந்தபோது, அநாதைக் குழந்தைகளைத் தத்துக் கொடுங்கள் என்ற வேண்டுகோள்கள் உள்நாட்டிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் குவிந்தன. தமிழக அரசு அனுமதிக்கவில்லை. நாகப்பட்டினம், கடலூர், கன்னியாகுமரி மாவட்டங்களில் சிறப்பு இல்லங்கள் திறந்து, பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகள் பெயரில் வைப்புத்தொகை போட்டது. பேரிடர் வேளையில் சித்தப்பாவோ அத்தையோ உயிரோடு இருக்கக் கூடும். தேட அவகாசம் வேண்டும். இந்தோனேசியாவும் அச்சேயிலிருந்து குழந்தைகள் வெளியேறுவதைத் தடுத்தது. இந்த வரலாற்றில் அரசு தெளிவாகச் சரியாக நடந்துகொண்ட தருணம் என்று இதைச் சொல்லலாம்.

இன்றைய நடைமுறை

2015-இன் இளைஞர் நீதிச் சட்டம் காராவுக்குச் சட்ட அதிகாரம் கொடுத்தது. விண்ணப்பம் இணையவழி, வரிசை நாடு முழுவதற்கும் ஒன்று. ஒப்படைக்கும் தாய்க்கு மனம் மாற 60 நாள் அவகாசம் உண்டு. கண்டெடுத்த குழந்தையின் படத்தை நாளிதழில் வெளியிட்டு, உரியவர் வருகிறாரா என்று பார்த்த பிறகே குழந்தைகள் நலக்குழு தத்துக்குத் தகுதி என்று அறிவிக்கும். கடைசிப் பக்கங்களில், துணியில் சுற்றிய சிசுவின் மங்கிய படமும், கண்டெடுத்த தேதியும் இடமும் போட்ட அந்தச் சிறு விளம்பரத்தைப் பலர் கவனிக்காமல் தாண்டிப் போவார்கள். சில பிள்ளைகளுக்குப் பின்னாளில் கிடைக்கும் முதல் படம் அதுதான்.

சென்னையின் தென்கடலோரப் பகுதியான பாலவாக்கத்தை எடுத்துக்கொண்டால் நிர்வாகம் மாறியது துலக்கமாகத் தெரியும். 2011-ல் மாநகராட்சியோடு இணைந்த பிறகும் அது காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே இருந்தது. 2018-ல் சோழிங்கநல்லூர் வட்டம் சென்னை மாவட்டத்தில் சேர்ந்ததும் தத்தெடுக்க விரும்பும் அங்குள்ள தம்பதிக்குச் சென்னை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு பொறுப்பானது. 2022 செப்டம்பர் முதல் தத்து உத்தரவும் நீதிமன்றத்திலிருந்து மாவட்ட ஆட்சியர் கைக்கு மாறியது. ஆரோக்கியமான சிறு குழந்தைக்காகக் காத்திருப்பு மூன்று ஆண்டுகளைத் தாண்டுகிறது.

வெளிநாடு போகும் குழந்தைகள் இன்று குறைவு. 2023-24-ல் நாடு முழுதும் 449 பேர். அவர்களில் கணிசமானோர் சிறப்புத் தேவை உள்ளவர்கள், அல்லது இங்கே யாரும் எடுக்க முன்வராத அளவு வயது கூடியவர்கள். வெள்ளைத் தோலும் கைக்குழந்தையும் தேடும் நம் குடும்பங்கள் தாண்டிப்போன பிள்ளையை எங்கோ ஒரு குடும்பம் ஏற்றுக்கொள்கிறது. இதை நாம் வெட்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டும்.

பணத்தின் கதையும் உண்டு. 2017 விதிகளில் நிறுவனத்துக்கு உள்நாட்டுக் குடும்பம் தர வேண்டியிருந்தது 40,000 ரூபாய். வெளிநாட்டுக் குடும்பம் தர வேண்டியிருந்தது 5,000 டாலர். வரையறுத்த தொகைதான் என்றாலும் இந்த இடைவெளி எப்போதும் ஆபத்தானது.

தத்துக்குப் பின்

ஹேக் முறையில் குழந்தை போன பின் இரண்டு ஆண்டுகளுக்கு முன்னேற்ற அறிக்கை வரும். அதற்குப் பிறகு மௌனம். ஆனால் கேள்விகள் தொடங்குவதே அதற்குப் பின்தான். ஆறு வயதில் போன பிள்ளை சில மாதங்களில் தமிழை இழக்கும். பரம்பரை நோய் உண்டா என்று மருத்துவர் கேட்டால் வளர்ப்பு அம்மாவிடம் பதில் இருக்காது. பதின்வயதில் கண்ணாடி முன் நின்று யார் சாயல் என்று பிள்ளை யோசிக்கும்போது, அதைத் தாங்கிப் பேசப் பழகியவர் பக்கத்தில் தேவை. அமெரிக்காவில் 2001-க்கு முன் பெற்றோர் முறையாக விண்ணப்பிக்காததால் வளர்ந்தபின் குடியுரிமையே இல்லாமல் நின்றவர்களும் உண்டு.

உள்ளூரில் தத்தெடுத்தோர் நிலையும் எளிதல்ல. 2017-இன் மகப்பேறு நலத் திருத்தச் சட்டம், தத்தெடுத்த தாய்க்கு 12 வாரம் விடுப்பு தந்தது. குழந்தை மூன்று மாதத்துக்குள் இருந்தால் மட்டும். ஒரு குழந்தை தத்துக்குத் தகுதி பெறவே இரண்டு மாதம் ஆகும் நாட்டில் அந்த விடுப்பு யாருக்கு எட்டியிருக்கும்? நாலு வயதுப் பிள்ளையை வீட்டுக்குக் கூட்டி வரும் அம்மாவுக்குத்தான் வீட்டில் இருக்க நாள் அதிகம் வேண்டும்.

வேர் தேடல்

1970, 80-களில் போனவர்கள் இப்போது நடுவயதினர். பல்லாவரம், எழும்பூர் என்று பழைய முகவரிகளோடு, பெற்றவர்களைத் தேடிச் சென்னைக்கு வருகிறார்கள். பல இல்லங்கள் மூடிவிட்டன. 18 வயது நிரம்பியவருக்கு இப்படி வேர் தேட உரிமை உண்டு. தாயின் தனியுரிமை காக்கப்பட வேண்டும் என்றும் விதி சொல்கிறது. 2017 விதிகள் மூன்றாம் நபர் மூலம் தேடுவதைத் தடுத்தன. மொழியும் தெரியாமல் தெருவும் தெரியாமல் வருபவருக்கு அது பாதி மறுப்பே.

இந்தத் தேடல்கள் நாடுகளையே திரும்பிப் பார்க்க வைத்தன. இலங்கையிலிருந்து போன பிள்ளைகளின் கோப்புகளில் இருந்த முறைகேடுகளுக்காக சுவிஸ் அரசு 2020-ல் வருத்தம் தெரிவித்தது. நெதர்லாந்து 2021-ல் புதிய தத்தெடுப்புகளை நிறுத்திவைத்து, 2024-ல் படிப்படியாக முடித்துக்கொள்ள முடிவெடுத்தது. ஜூரிச், துர்காவ் மாகாணங்கள் இந்தியக் குழந்தைகளின் கோப்புகளை ஆராயச் செய்தபோது, தாயின் சம்மதப் பத்திரம் கிடைக்காதது முக்கியக் கண்டுபிடிப்பாக 2024-ல் வெளிவந்தது.

மூடிய இல்லங்களின் பதிவேடுகளை அரசு ஓரிடத்தில் சேர்த்துக் காக்க வேண்டும். உயர் நீதிமன்றத்தில் கிடக்கும் காப்பாளர் மனுக்களையும் அவற்றோடு இணைக்க வேண்டும். கீழ்ப்பாக்கம் கெல்லீஸில் குழந்தைகளுக்கான துறை அலுவலகம் இருக்கிறது. அதற்கு இந்த வேலையைக் கொடுப்பது பெரிய செலவும் அல்ல. இன்னொன்றும் உண்டு. விதிகள் பேசுவது பிள்ளையின் தேடலைப் பற்றி மட்டும். பெற்றவள் தேடினால் எந்தக் கதவைத் தட்டுவது என்று அவற்றில் வழி சொல்லப்படவில்லை. தன் விருப்பத்தை மட்டுமாவது பதிவுசெய்து வைக்க, பின்னாளில் பிள்ளை வந்தால் அது கையில் கிடைக்க, ஒரு பதிவேடு அவளுக்காகவும் திறக்கப்பட வேண்டும்.