மடலா, மேற்பரப்பா? சிவகாசிக் கண்களுக்கு இரண்டு லேசர் வழிகள்

"காலையில மதுரைக்குப் போனா சாயங்காலம் வீட்டுக்கு வந்துரலாமாம் மாமா. மறுநாளே கண்ணாடி இல்லாம வேலைக்குப் போகலாம்னு சொல்றாங்க."

போன ஆடியில் அக்கா மகன் என்னிடம் இப்படிச் சொன்னான். வயது 26. வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் போர்மேன். இரு கண்ணிலும் மைனஸ் 4 பவர். வேர்வையில் நழுவும் கண்ணாடியைத் தூசி படிந்த புறங்கையால் மேலே தள்ளித் தள்ளி அலுத்துப்போயிருந்தான். அவன் தங்கை சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் காலண்டர் வடிவமைப்பு செய்கிறாள். அவளுக்கு மைனஸ் 5.5. வரன் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். கல்யாணத்துக்கு முன்னால் கண்ணாடியைக் கழற்றிவிட வேண்டும், அண்ணனுக்கும் சேர்த்தே முடித்துவிடலாம் என்பது அக்காவின் கணக்கு.

நம் பக்கத்தில் கண் என்றால் மதுரை. எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்தில் பிறந்த டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அதற்குப் பிறகு விருதுநகர், சாத்தூர், அருப்புக்கோட்டைக் கிராமங்களில் கண்புரை ஆபரேஷன் என்றால் யாரும் பயப்படுவதில்லை. தாத்தா பஸ் ஏறிப் போனார், பார்வையோடு திரும்பினார் என்று வீட்டுக்கு வீடு ஒரு கதை இருக்கிறது. அந்த நம்பிக்கை பெரிய சொத்து. ஆனால் அதை அப்படியே லேசருக்கு மாற்றிப் போடக் கூடாது. கண்புரையில் பார்வை போன கண்ணைச் சரிசெய்கிறார்கள். லேசரில் கை வைப்பது, கண்ணாடி போட்டால் முழுதாகத் தெரிகிற நல்ல கண்ணின் மேல். அங்கே தயங்கி நிற்க நியாயம் உண்டு.

ஊரில் 'லேசர்' என்று ஒரே பெயரில் சொன்னாலும் அதற்குள் இரண்டு முக்கிய வழிகள் இருக்கின்றன: லேசிக், பி.ஆர்.கே. இரண்டும் செய்வது ஒரே வேலையைத்தான். கிட்டப்பார்வையில் ஒளி விழித்திரைக்கு முன்பே குவிந்துவிடுகிறது. கருவிழியின் நடுப்பகுதியைச் சற்றுத் தட்டையாக்கினால் குவியம் பின்னால் நகர்ந்து விழித்திரையில் விழும். கருவிழியின் நடுக்கனம் பொதுவாக 540 மைக்ரான் அளவு, அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூட. அச்சாபீஸ்காரர்களுக்கு விளங்கச் சொன்னால், கனத்த கல்யாணப் பத்திரிகை அட்டை ஒன்றின் கனம். அதிலிருந்துதான் செதுக்கி எடுக்க வேண்டும்.

லேசர் கண்ணைச் சுட்டுவிடாதா என்று அக்கா கேட்டாள். தீயோடு பிழைக்கிற ஊரில் அந்தக் கேள்வி வராமல் இருக்காது. இதற்குப் பயன்படும் எக்சைமர் லேசர் 193 நானோமீட்டர் புற ஊதாக் கதிர். திசுவைக் கருக்குவதற்குப் பதிலாக மூலக்கூறுகளின் பிணைப்பை அறுத்து எடுக்கிறது, பக்கத்துத் திசுவில் சூடு தங்குவதில்லை. இதைக் கண்டவர்களில் ஒருவர் சென்னையில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்த ரங்கசாமி ஸ்ரீனிவாசன். 1981 நவம்பரில், நன்றியறிதல் நாள் விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டை ஐ.பி.எம். ஆய்வகத்துக்கு எடுத்துப்போய் அதன்மேல் இந்த ஒளியைப் பாய்ச்சினார். கருகல் இல்லாமல் சுத்தமாக வெட்டு விழுந்தது. 1983-ல் கண் மருத்துவர் ஸ்டீபன் ட்ரோக்கலுடன் சேர்ந்து கருவிழியில் அதைச் சோதித்தார். இன்று உலகம் முழுக்க நடக்கும் லேசிக்குக்கும் பி.ஆர்.கே.க்கும் வேர் அங்கேதான்.

வேறுபாடு, லேசர் பாய்வதற்கு முந்தின கட்டத்தில் இருக்கிறது.

பி.ஆர்.கே. மூத்தது. கருவிழியின் மேலே 50 மைக்ரான் கனத்தில் இருக்கும் மேல்தோலை வழித்தெடுத்துவிட்டு, அடியில் லேசரைப் பாய்ச்சுகிறார்கள். மேல்தோல் தானாக மறுபடி வளரும். அதுவரை நாலைந்து நாள் ஒரு மெல்லிய கான்டாக்ட் லென்சைக் கட்டுப்போல் வைத்திருப்பார்கள். முதல் இரண்டு மூன்று நாள் வலி, கண்ணீர், வெளிச்சம் பட்டால் கூச்சம். பார்வை தெளியச் சில வாரம், முழுதாக நிலைக்க மூன்று மாதம்வரைகூட ஆகும். அதுவரை சொட்டு மருந்து தவறக் கூடாது. அதில் ஸ்டீராய்டு இருப்பதால் கண் அழுத்தத்தையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சிலருக்குக் கருவிழியில் லேசான மூட்டம் படியலாம், வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் அதை அதிகப்படுத்தும்.

லேசிக்கில் கருவிழியின் மேலடுக்கை 100 முதல் 120 மைக்ரான் கனத்தில் ஒரு மடல்போல் அறுக்கிறார்கள். ஒரு பக்கம் ஒட்டியே இருக்கும். புத்தக அட்டையைத் திறப்பதுபோல் அதைத் திருப்பி, அடியில் லேசரைப் பாய்ச்சி, மறுபடி மூடிவிடுகிறார்கள். தையல் கிடையாது. மேல்தோல் அப்படியே இருப்பதால் வலி சில மணி நேரம்தான். மறுநாள் காலை சுவர்க் கடிகாரம் தெரியும். மருமகன் கேள்விப்பட்டது இதைத்தான். பெரும்பாலோர் தேர்ந்தெடுப்பதும் இதையே. பெரும்பாலோர் திருப்தியோடுதான் இருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் அந்த மடல் பழையபடி ஒட்டுவதே இல்லை. விளிம்பில் மேல்தோல் மூடிக்கொள்ளும், உள்ளே உறிஞ்சுவிசையில் படிந்து நிற்கும். பிறந்தபோது கருவிழிக்கு இருந்த முழு உறுதி அந்தத் தளத்துக்குத் திரும்ப வராது. உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு வாழ்நாள் முழுக்க இது தெரியாமலே போய்விடும். கண்ணில் அடி படுகிறவருக்கு அப்படி இல்லை. விரல் நகமோ மரக்கிளையோ பந்தோ பட்டு, ஆபரேஷன் முடிந்து பல வருடம் கழித்தும் மடல் நகர்ந்த சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. அமெரிக்கக் கடற்படை தன் சிறப்புப் படை வீரர்களுக்கு முதலில் பி.ஆர்.கே.யைத் தேர்ந்துகொண்டதற்கான காரணங்களில் இதுவும் ஒன்று: மடல் இல்லையென்றால் நகர ஒன்றுமில்லை.

பட்டாசு ஆலைப் போர்மேனின் கண்ணை எந்த வரிசையில் வைப்பது? திரி வெட்டும் இடம், மருந்து செலுத்தும் அறை, மணி மருந்து காய்கிற களம் என்று நாள் முழுக்க நடக்கிறவன் அவன். உராய்வில் ஒரு பொறி பறந்தாலும், சோதனைக்குக் கொளுத்தும் பேன்சி வெடியின் காகிதத் துண்டு முகத்தில் அடித்தாலும் முதலில் வாங்குவது கண். 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் நடந்ததுபோன்ற பெருவெடிப்பில் எந்தக் கண்ணும் தப்பாது, அங்கே மடலைப் பற்றிப் பேசுவதில் பொருளே இல்லை. நான் சொல்வது அன்றாடம் நடக்கிற சிறு அடிகளை. அங்கேதான் மடல் உள்ள கண்ணும் மடல் இல்லாத கண்ணும் வேறுபடும்.

இன்னொன்றையும் அவனிடம் சொன்னேன். இத்தனை வருடம் அவன் வெறுத்த கண்ணாடி பவரை மட்டும் திருத்தவில்லை, கண்ணுக்கு முன்னால் ஒரு தடுப்பாகவும் நின்றிருக்கிறது. சாதாரண மூக்குக் கண்ணாடி பாதுகாப்புக் கண்ணாடி ஆகாதுதான். பக்கவாட்டில் திறந்திருக்கும். ஆனாலும் ஏதோ ஒன்று இருந்தது. எந்த லேசர் செய்தாலும் மறுநாளிலிருந்து அதுவும் இருக்காது. பாலிகார்பனேட் லென்ஸ் வைத்து, பக்கமும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டாமல் ஆலைக்குள் போனால், லேசருக்கு முன்பு இருந்ததைவிட ஆபத்து கூடித்தான் போகும்.

இருவரையும் மதுரைக்கு நான்தான் அழைத்துப் போனேன். கருவிழியின் கனத்தையும் மேடு பள்ளத்தையும் வரைபடமாக எடுக்கும் சோதனைதான் எல்லாவற்றிலும் முக்கியம். ஒரு பவரைக் குறைக்க ஏறத்தாழ 15 மைக்ரான் செதுக்க வேண்டியிருக்கும். செதுக்கிய பிறகு அடியில் குறைந்தது 250 மைக்ரான் மிஞ்ச வேண்டும், 300 இருந்தால்தான் பல மருத்துவர்களுக்கு நிம்மதி. மருமகனுக்குக் கனம் 545. மடலுக்கு 110, பவருக்கு 60 போனால் மிச்சம் 375. இரண்டு வழிக்கும் இடமிருந்தது. கணக்கு லேசிக்குக்குத் தடை சொல்லவில்லை, அவன் வேலைதான் சொன்னது. அவன் தொழிலைக் கேட்டதும் டாக்டரும் பி.ஆர்.கே. பக்கமே சாய்ந்தார். கேட்காத இடமும் உண்டு. நாமே வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும்.

தங்கையின் கனம் 485. லேசிக் என்றால் மிச்சம் 293, அது ஓரத்தில் நிற்கிற எண். பி.ஆர்.கே. என்றால் மேல்தோல் போக 353 மிஞ்சும், தாராளம். எண்ணை மட்டும் பார்த்தால் அவளுக்கு ஒரு வழி திறந்திருந்தது. ஆனால் வரைபடத்தில் கருவிழியின் கீழ்ப்பாதி மேற்பாதியைவிடக் கூர்மையாக இருந்தது. "கண்ணைக் கசக்குற பழக்கம் உண்டாம்மா?" என்று டாக்டர் கேட்டார். சின்ன வயதிலிருந்தே உண்டு, அச்சாபீஸ் வந்தபின் அதிகம் என்றாள். கூம்புக் கருவிழியின் தொடக்கமாக இருக்கலாம், இரண்டு லேசரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஏற்கெனவே பலவீனமாகத் தொடங்கும் கருவிழியை மேலும் மெலியச் செய்தால் அது முன்னே பிதுங்கிப் பார்வையே குலைந்துவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வர வேண்டும், கூர்மை கூடினால் கருவிழியை இறுக்கும் சி3ஆர் சிகிச்சை செய்யலாம், கசக்குவதை இன்றோடு நிறுத்த வேண்டும். அக்காவுக்கு முகம் வாடிவிட்டது. எனக்கு உள்ளே ஒரு நடுக்கமும் நிம்மதியும் சேர்ந்து வந்தன. அந்த ஒரு படத்தை எடுக்காமல், பவரை மட்டும் பார்த்து, சலுகை விலைக்குச் செய்திருந்தால்?

வறட்சியையும் இங்கே சொல்ல வேண்டும். கருவிழியின் நரம்புகளை அறுப்பதால் இரண்டிலும் சில மாதம் கண் உலர்ந்து உறுத்தும். மடல் அறுக்கும் லேசிக்கில் அது சற்றுக் கூடுதல். ஏசி அறையில் திரையைப் பார்த்தே இருப்பவர்களுக்கும், கரிசல் காற்றில் இரண்டு சக்கர வண்டியில் போய் வருபவர்களுக்கும் இந்த உறுத்தல் சின்ன விஷயம் ஆகாது. மடல் இல்லாமல் சிறு துளை வழியாகத் திசுவை உருவும் ஸ்மைல் என்ற மூன்றாவது வழியும் வந்திருக்கிறது. மேல்தோலும் தப்பும், மடலும் இருக்காது. செலவு கூடுதல், கிடைக்கும் இடங்கள் குறைவு. கையில் வசதி இருப்பவர்கள் அதையும் கேட்டுப் பார்க்கலாம்.

18 வயதுக்கு முன் எதுவும் கூடாது. ஒரு வருடமாகப் பவர் அரைக்கு மேல் நகராமல் இருக்க வேண்டும். கர்ப்பகாலத்திலும் பால் கொடுக்கும் காலத்திலும் பவர் மாறுவதால் கல்யாண அவசரத்தோடு லேசரை முடிச்சுப் போடுவது எனக்குப் பிடிப்பதில்லை. ரயில்வே தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்: உதவி லோகோ பைலட் வேலைக்கு லேசிக் செய்த கண்ணை ஏற்பதில்லை. 40 வயதுக்காரர் லேசர் செய்தாலும் பத்திரிகை படிக்க வெள்ளெழுத்துக் கண்ணாடி வரத்தான் செய்யும். பவர் அதிகமாக இருந்தவரின் விழித்திரை லேசருக்குப் பிறகும் மெலிந்தே இருக்கும், வருடத்துக்கு ஒருமுறை அதைக் காட்ட வேண்டும். ஆபரேஷனுக்கு முந்தின அளவுச் சீட்டுகளைப் பத்திரமாக வைத்திருந்தால், முதுமையில் கண்புரைக்கு லென்ஸ் வைக்கும்போது கணக்கிட உதவும்.

மருமகன் நாள் குறித்துவிட்டான். தீபாவளி முடிந்ததும் ஆலைகள் ஒரு மாத அளவுக்கு மூடியிருக்கும். மருந்துத் தூசி இல்லை, ஐப்பசி கார்த்திகை மழை மேகத்தில் வெயிலும் தணிந்திருக்கும். மேல்தோல் வளரும்வரை இருட்டறையில் கிடக்கலாம், மறுபடி ஆலை திறக்கும்போது கண்ணும் ஓரளவு தெளிந்திருக்கும். மறுநாளே வேலைக்குப் போகும் வழியை விட்டு ஒரு மாதம் காத்திருக்கும் வழியை அவன் எடுத்தபோது, பி.ஆர்.கே.க்கு நம் ஊர்ப் பஞ்சாங்கமே இடம் ஒதுக்கி வைத்திருப்பதுபோல் எனக்குப் பட்டது.

பாதுகாப்புக் கண்ணாடியை மட்டும் தீபாவளிவரை தள்ளிப்போட வேண்டாம் என்றேன். இப்போதே வாங்கிவிட்டான், மூக்குக் கண்ணாடிக்கு மேல் போடுகிற பெரிய அளவு. தங்கை புதிய பிரேம் ஒன்று வாங்கிக்கொண்டாள், மெரூன் நிறம். பெண் பார்க்க வந்த நாளில் அதைக் கழற்றிவைக்கச் சொன்ன அக்காவிடம், "கழட்டினா வர்றவங்க முகம் எனக்குத் தெரியாதும்மா" என்று சொல்லிவிட்டுக் காப்பித் தட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள்.